சோதனைக்காரியின் முதல் வேஷம்

புஷ்பவள்ளி சிரிப்பு நடிகையாக வேண்டும் என்று ஒரு நாளும் ஆசைப்பட்டதில்லை. அவளுக்கு ஊரை அழவைக்க வேண்டும். ரப்பர் தோட்டத்து லயத்துப் பெண்களெல்லாம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விம்ம வேண்டும். ஆண்கள் மூக்கைச் சிந்துவதற்கு இருட்டுப் பக்கம் ஒதுங்க வேண்டும். மேடை நடுவில் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு அவள் நிற்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

நடந்தது வேறு. பிற்பாடு கோலாலம்பூர் ரேடியோவில் அவள் தொண்டையைக் கனைத்தாலே வீட்டுக்கு வீடு சிரித்தார்கள். டெலிவிஷன் வந்தது, அதிலும் சிரித்தார்கள். நாலைந்து சினிமாவிலும் தலைகாட்டினாள். சாவு வீட்டுக்குப் போனால் கூடத் தொல்லை. இவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பிணத்தைத் தவிர மற்றவர்கள் உதட்டைக் கடித்துக்கொள்வார்கள்.

இத்தனைக்கும் காரணம் சன்னாசி மாரில் வைத்திருந்த அரிசி.

மலாயாவில் அப்போது வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று அரசாங்கம் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டது. கோலா சிலாங்கூர் பக்கத்தில் ரெட்டைப்பாலத் தோட்டத்துக்கும் போட்டது. வேலிக்கு ஒரே வாசல். அதை எல்லோரும் ‘கேட்டு’ என்றார்கள். விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் கேட்டில் வரிசையாக நிற்க வேண்டும். ஒரு பிடி அரிசி கூட வேலியைத் தாண்டக்கூடாது. மதியச் சோறு கூடாது. சர்க்கரை போடாத காப்பி மட்டும் போகலாம். ஆண்களைக் காவலர்கள் தடவிப் பார்த்து அனுப்பினார்கள். பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண் வேண்டும் அல்லவா? கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஓலைக் கொட்டகை. கொட்டகைக்கு ஒரு சாக்குப் படுதா. படுதாவுக்குப் பின்னால் புஷ்பவள்ளி.

அந்த வேலைக்குத் தோட்டத்தில் வேறு யாரும் வரவில்லை. சொந்தச் சனத்தின் மடியைத் தடவிப் பிழைப்பதா என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களில் பெரிய வாய் வேலம்மாவுடையது. பால் வெட்டுகிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி மாதிரி. ஆனால் வேலம்மாவும் தினமும் அந்தப் படுதாவுக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

“கையத் தூக்குக்கா.”

“தூக்கிட்டேன். என்னாத்தத் தேடுறே? எங்க மாமியார் ஒளிச்சு வெச்ச நகையையா?”

“அது இருந்திருந்தா இந்நேரம் உன் புருஷன் சம்சுக் கடையில குடுத்துக் குடிச்சிருப்பாரு. திரும்பு.”

“ஏய், கூசுதுடி!”

“கூச்சத்தக் கொண்டு போலாம்க்கா. அதுக்குப் பெர்மிட் வேணாம். போ.”

கோபமாக உள்ளே போகிறவர்கள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். வெளியே வந்ததும், சிரித்துவிட்டோமே என்பதற்காக இன்னும் அதிகமாகக் கோபப்பட்டார்கள். ‘கேட்டுக்காரி’ என்றுதான் அவளைச் சொல்வார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை.

மாரியம்மன் திருவிழா வந்தது. வருஷா வருஷம் அதற்கு ஒரு நாடகம் உண்டு. எழுதுவது, நடத்துவது, படுதா இழுப்பது எல்லாம் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி சுப்பிரமணியம். அந்த வருஷத்து நாடகத்தில் முத்தையா என்று ஒரு குடிகாரன். அவனுக்குக் கற்பகம் என்று ஒரு மனைவி. அவள் அழுது, அழுது, மேலும் அழுது, கணவனைத் திருத்திவிட்டுக் கடைசிக் காட்சியில் செத்துப்போகிறாள். ஒத்திகை நடந்தது கேட்டுக்கு எதிரே இருந்த பால் கொட்டகையில். புஷ்பவள்ளி தன் சாக்குப் படுதாவுக்குள் உட்கார்ந்தபடியே கற்பகத்தின் வசனம் முழுவதையும் பாடமாக்கிக்கொண்டாள். கிராணிக்கே சில இடங்களில் மறந்துவிடும். எதிர்க் கொட்டகையிலிருந்து ஒரு பெண்குரல் அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கும்.

ஒரு நாள் அவள் நேராகப் போய்க் கேட்டே விட்டாள்.

“கிராணியாரே, கற்பகம் வேஷத்த நான் போடுறேனே.”

சுப்பிரமணியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொம்பளை மேடை ஏறுறதா? தோட்டத்து மானம் என்னாவறது?”

“தோட்டத்து மானத்தத் தெனமும் காலையில நான்தானே தடவிப் பாக்கறேன். பத்திரமாத்தான் இருக்கு.”

பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தவன் சன்னாசி. கீழ் டிவிஷனில் கால்வாய் வெட்டுகிறவன். மேடையில் பெண் வேஷம் என்றால் அவன்தான். கோலா குபு பாரு டவுன் வரைக்கும் அவனைக் கூப்பிட்டு அழுது பார்த்திருக்கிறார்கள்.

“பொம்பளை பொம்பளையா நடிச்சா அதுல என்னா புள்ளே நடிப்பு இருக்கு?” என்றான் அவன். “மாடு மாடா நடிக்கிற கதைதான். ஆம்பளை ஒருத்தன் பொம்பளையா அழுதாத்தான் அது கலை.”

“அப்ப நான் ஆம்பளை வேஷம் போட்டு, அந்த ஆம்பளை பொம்பளை வேஷம் போட்டா?”

“போய்க் கேட்டப் பூட்டுலா!”

சன்னாசிக்குத் தன் தொழிலில் ஒரு பெருமை இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லுவான், கேட்காதவர்களுக்கும் சொல்லுவான். “மாருக்குப் பஞ்சு வெச்சா தலகாணி மாதிரி ஒரே எடத்துல நிக்கும். தேங்காச் செரட்டை வெச்சா கதாநாயகன் கட்டிப் புடிக்கறப்ப டொக்குன்னு சத்தம் வரும். நான் வெக்கிறது அரிசி. ரெண்டு சின்ன மூட்டை. அதுவும் சுங்கை பெசார் புது அரிசி. நடந்து பாரு, தன்னால ஒரு நடை வரும்.” நாடகம் முடிந்து வீட்டுக்குப் போனதும் அந்த அரிசியையே பொங்கிச் சாப்பிடுவான். வீணாக்குகிற மனுஷன் இல்லை.

அரிசிக்கு அவசரகாலம் வந்தது எல்லோருக்கும் தெரிந்தது. அது தன் மாருக்கும் சேர்த்து வந்த சட்டம் என்று சன்னாசிக்கு மட்டும் தோன்றவில்லை.

அந்த வருஷம் நாடகத்துக்கு அனுமதி கொடுத்தவர் இன்ஸ்பெக்டர் இனாயத்துல்லா. கோலா சிலாங்கூரிலேயே கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, நம் தமிழ் நன்றாகப் பேசுவார். ஊரடங்கை ஒன்பது மணி வரை தளர்த்தினார். தானும் வந்து முன்வரிசையில் உட்காருவதாகச் சொன்னார். ஆனால் ஆறு மணிக்குமேல் லோரி ரோட்டில் ஓடக்கூடாது என்றார். கீழ் டிவிஷனிலிருந்து வர வேண்டிய சன்னாசி யோசித்தான். கடைசி லோரியில் வந்து இறங்கி, அதற்குப் பிறகு ஆறரை மணி நாடகத்துக்குள் மை தீட்டி, கொண்டை வைத்து, புடவை கட்டுவது நடக்காத காரியம். வீட்டிலேயே முழு வேஷத்தையும் போட்டுக்கொண்டு லோரியில் ஏறிவிட்டான்.

லோரி கேட்டில் நின்றது. அன்றைக்குக் காவலில் இருந்தவர் புதிதாக வந்த மலாய்க்காரர். தோட்டத்து முகங்கள் அவருக்குப் பழக்கமில்லை. மஞ்சள் புடவையும் கனகாம்பரமுமாக இறங்கியவரைப் பார்த்தார்.

“பெரம்புவான் சானா,” என்று ஓலைக் கொட்டகையைக் காட்டினார். பெண்கள் அந்தப் பக்கம்.

சன்னாசி அடையாளக் கார்டை எடுத்துக் காட்டியிருக்கலாம். ‘நான் ஆம்பளை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத ஒரு மனிதர், அதுவும் துப்பாக்கி வைத்திருக்கும் போலீஸ்காரர், அவனைப் பட்டப்பகலில் பெண் என்று நம்பிவிட்டார்! எந்தக் கலைஞன் அதைக் கெடுத்துக்கொள்வான்? சன்னாசி இடுப்பை ஓர் அசைப்பு அசைத்துக்கொண்டு, அந்தக் காவலரைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தான்.

“வாங்கக்கா. கையத் தூக்குங்க,” என்றாள் புஷ்பவள்ளி.

“ஏய் புஷ்பம், நான்தான்லா.”

“நான்தான்னா யாரு? கொரலு கரகரங்குது. சளி புடிச்சிருக்காக்கா?”

“சன்னாசி!”

“சன்னாசி அண்ணன்னா ஆம்பளை வரிசையில போயிருக்கணும். இந்தப் படுதாவுக்குள்ள வந்தா பொம்பளை. பொம்பளைன்னா சோதனை.”

“வெளையாடாதே. நேரம் ஆவுது.”

“வெளையாட்டா? அந்தப் போலீஸ் துவான் வெளிய நின்னு பாத்துக்கிட்டு இருக்காரு. கையத் தூக்குங்க.”

சன்னாசி கையைத் தூக்கினான். அவள் கை தோளிலிருந்து இறங்கியது. பாதி வழியில் நின்றது. உள்ளே அரிசி மெல்லச் சரசரத்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அண்ணே,” என்றாள் புஷ்பவள்ளி மெதுவாக. “பொம்பளை பொம்பளையா நடிச்சாலும் அதுல நடிப்பு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கிராணியார்கிட்ட எனக்கு ஒரு சின்ன வேஷம் கேட்டுக் குடுங்க. தண்ணிச் செம்பு தூக்கிட்டு வந்து போற வேஷம் போதும். எனக்கு ஒண்ணும் தட்டுப்படல.”

சன்னாசி அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். வேஷம் போட்டுவிட்டால் அவனுக்கு யோசனை வராது.

“நீயா? மேடையிலயா?” என்று சிரித்தான். “உன் மூஞ்சப் பாத்தா சனத்துக்கு அழுகையா வரும்? ரெண்டு கையும் தன்னால மேல போகும்!”

புஷ்பவள்ளி படுதாவை விலக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

“துவான்! பெராஸ்! அரிசி!”

கத்தின மறுகணமே அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அரிசிக் குற்றத்துக்கு அந்நாளில் வருஷக் கணக்கில் உள்ளே போடுவார்கள். ஆனால் வாயை விட்டுப் போனதைத் திரும்ப விழுங்க முடியுமா? காவலர் வந்தார். இரண்டு மூட்டைகளும் வெளியே வந்தன. சன்னாசி பாதி உடம்பாகிப் போனான். இன்ஸ்பெக்டர் வந்து முடிவு சொல்லட்டும் என்று காவல் அறையில் அவனை உட்கார வைத்தார்கள்.

சேதி மேடைக்குப் பறந்தது. கிராணி சுப்பிரமணியம் கேட்டுக்கு ஓடி வந்தார்.

“கற்பகம் எங்கே?”

“காவல் அறையில,” என்றாள் புஷ்பவள்ளி.

“யாரு புடிச்சுக் குடுத்தது?”

“கடமை.”

“கடமையா! ஆறரைக்கு நாடகம். சனம் வந்து உக்காந்தாச்சு. இன்ஸ்பெக்டர் வர்றாரு. நான் இப்ப யாரச் சாக வைக்கிறது?”

“என்னச் சாக வைங்க கிராணியாரே. வசனம் முழுக்க எனக்குத் தெரியும். உங்களுக்கே எடுத்துக் குடுத்தது யாருன்னு நெனச்சீங்க?”

கிராணி வானத்தைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், கடைசியில் வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தார்.

“இது சோக நாடகம். புரியுதா? அழ வைக்கணும்.”

“தலகாணி நனையற அளவுக்கு அழ வைக்கறேன்.”

“ஒரே ஒருத்தன் சிரிச்சான்னா படுதாவ எறக்கிடுவேன். அப்பறம் இந்த ஜென்மத்துக்கும் நீ மேடைப் பக்கம் வரக்கூடாது.”

“வரமாட்டேன்.”

சன்னாசி கொண்டு வந்திருந்த பெட்டியில் மாற்றுப் புடவை ஒன்று இருந்தது. அதைக் கட்டிக்கொண்டாள். காஸ் விளக்குகள் ஏற்றப்பட்டன. படுதா மேலே போனது.

சொன்னால் நம்ப வேண்டும், முதல் காட்சியில் அவள் அழ வைக்கத்தான் செய்தாள். சாமி படத்துக்கு முன்னால் மண்டியிட்டு, ‘தாயே, என் தாலிக்கு இது சோதனையா?’ என்று கேட்டபோது முன்வரிசைக் கிழவி ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். ‘கேட்டுக்காரியா இது?’ என்று பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு. மேடை ஓரத்தில் படுதாக் கயிற்றைப் பிடித்தபடி நின்ற கிராணிக்கு மூச்சு சீராக வந்தது. புஷ்பவள்ளிக்கோ பாதம் தரையில் படவில்லை.

அதே நேரத்தில் இன்ஸ்பெக்டர் இனாயத்துல்லாவின் ஜீப் கேட்டில் வந்து நின்றது. காவல் அறை மேஜையில் இரண்டு துணி மூட்டைகள். மூலையில் மை வழியும் கண்களோடு சன்னாசி.

“இது எங்கேருந்து கெடச்சுது?” என்று இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்டார்.

புதிய காவலர் வெட்கத்தோடு தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். பிறகு சன்னாசியின் மார்பைக் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் சற்று நேரம் கூரையைப் பார்த்தார்.

“பேரு?”

“சன்னாசிங்க, தொரை.”

“ஏன்யா, கேட்டுல வரிசை மாறி நின்னே?”

“அவரே என்னப் பொம்பளைன்னு சொன்னாருங்க. அந்த மாதிரி யாரும் சொன்னதில்லீங்க.”

“இந்தா பாரு. நான் இதுக்கு ரிப்போர்ட்டு எழுதணும். அரிசிய எங்கே ஒளிச்சு வெச்சிருந்தான்னு மேல இருக்கற வெள்ளக்காரத் துரை கேப்பாரு. நான் இங்கிலீஷ்ல என்னான்னு எழுதறது? அத டைப் அடிக்கிறது வேற அவரு வீட்டம்மா.” மூட்டைகளை ஒரு விரலால் தள்ளி வைத்தார். “அரிசி இங்கே இருக்கட்டும். நீ போ.”

“தொரை, அரிசி இல்லாம நான் எப்பிடிங்க போறது?”

“போய்யாங்கறேன்!”

சன்னாசி புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு மேடையை நோக்கி ஓடினான். இன்ஸ்பெக்டர் பின்னால் நிதானமாக நடந்து வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேடையில் அப்போது குடிகார முத்தையா தள்ளாடிக்கொண்டு வீட்டுக்குள் வந்தான். அந்த வேஷம் போட்டவன் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை செய்யும் தங்கராஜு. நாடகத்தில் எழுதியிருந்தது இதுதான்: கற்பகம் ஓடிச் சென்று கணவனைக் கட்டிக்கொண்டு கதறுகிறாள்.

புஷ்பவள்ளி ஓடினாள். கட்டிக்கொண்டாள். கதறவும் கதறினாள். ஆனால் கை? ஒரு வருஷமாக விடியுமுன் பழகின கை. ஓர் உடம்பு எதிரே வந்ததும் அவளைக் கேட்காமலே வேலையை ஆரம்பித்துவிட்டது. தோளைத் தட்டியது. அக்குளுக்குள் போனது. விலாவோரமாக இறங்கி இடுப்பைச் சுற்றியது. தங்கராஜுவும் தோட்டத்து ஆள்தானே, தன்னையறியாமல் இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

“அடியே, கட்டின புருஷனையே சோதிக்கிறாடி!” என்று வேலம்மாவின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

அவ்வளவுதான். பெண்கள் பக்கம் வெடித்தது. ஆண்கள் பக்கம் தொற்றிக்கொண்டது.

புஷ்பவள்ளி ஓரக் கண்ணால் பார்த்தாள். கிராணி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். போயிற்று. ஒரே ஒரு காட்சியோடு எல்லாம் போயிற்று. அந்த நேரம் பார்த்துத் தங்கராஜுவின் இடுப்பில் அவள் கைக்கு ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. அவன் மேடைப் பயத்துக்காக வேட்டி மடிப்பில் சொருகியிருந்த சம்சு போத்தல். நாடகத்தில் இல்லாதது. நிஜமானது. பாதி தீர்ந்தது.

“எடுக்காதே, எடுக்காதே,” என்று தங்கராஜு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

எப்படியும் படுதா இறங்கப் போகிறது. புஷ்பவள்ளி போத்தலை உருவி விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

“நாதா!” என்று கிராணி எழுதிய வசனத்தை அழுகை குறையாமல் சொன்னாள். “இந்த விஷம் தங்களுக்கு எதற்கு?” மூச்சு வாங்கிக்கொண்டு, கிராணி எழுதாததையும் சேர்த்துக் கேட்டாள். “இதுக்குப் பெர்மிட் இருக்கா?”

படுதா பாதி இறங்கியது. புஷ்பவள்ளியின் கால் மட்டும் தெரிந்தது.

“யாருலா அது படுதாவ எறக்கறது?” என்று முன்வரிசையிலிருந்து ஒரு அதட்டல். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது, சிரிப்பில். “தூக்குங்கய்யா மேல!”

போலீஸ் சொன்னால் தூக்காமல் இருக்க முடியுமா? படுதா மேலே போனது. போனபோது மேடையில் இன்னொரு கற்பகம் நின்றாள்.

சன்னாசி வந்து சேர்ந்துவிட்டான். மை கன்னம் வரை இறங்கியிருந்தது. கொண்டை ஒரு காதின் மேல் உட்கார்ந்திருந்தது. மார் பலகையாக இருந்தது. ஆனால் குரலில் குறை இல்லை.

“நாதா! உங்கள் கற்பகம் வந்துவிட்டேன்!”

தங்கராஜு அந்தப் பக்கம் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான். உள்ளே போயிருந்த பாதிப் போத்தல் தன் வேலையைச் செய்தது. “ரெண்டா? ஒண்ணே எனக்குத் தாங்கலையேப்பா!”

சன்னாசி புஷ்பவள்ளியைப் பார்த்துக் கையை நீட்டினான். “யாரடி நீ? என் வீட்டில் உனக்கென்ன வேலை?”

சனம் எக்கிப் பார்த்தது. வாய்ச்சண்டை போட்டால் அவன்தான் ஜெயிப்பான் என்று புஷ்பவள்ளிக்குத் தெரியும். எத்தனை மேடை கண்டவன்! அவன் கற்பகமாக நின்றால் அவள் ஒன்றும் இல்லாமல் இறங்கிப் போக வேண்டியதுதான். அவனை மேடையை விட்டுத் தள்ளவும் முடியாது.

அவள் நெடுஞ்சாண்கிடையாக அவன் காலில் விழுந்தாள்.

“அத்தை! ஊர்லேருந்து எப்ப வந்தீங்க அத்தை? உங்க மவன் பண்ற அநியாயத்தப் பாத்தீங்களா?”

சன்னாசி காலை இழுத்துக்கொண்டான். “நான் அத்தை இல்லை! நான் கற்பகம்!”

“ஐயோ பாவமே! வயசாகிப் பேரெல்லாம் மறந்து போச்சா அத்தை? கற்பகம் நான். நீங்க என் மாமியார்.”

“அடியேய்…”

“அம்மா!” என்று தங்கராஜு ஓடிப்போய்ச் சன்னாசியின் தோளில் சாய்ந்து உண்மையாகவே அழ ஆரம்பித்தான். அதோடு தீர்ந்தது. மகனே ஒத்துக்கொண்ட பிறகு யார் என்ன செய்ய முடியும்?

புஷ்பவள்ளி எழுந்து முந்தானையை இடுப்பில் சொருகினாள். “அத்தை, தப்பா நெனைக்காதீங்க. அவசரகாலம். வூட்டுக்குள்ள யாரு வந்தாலும் பாத்துத்தான் விடணும். கையத் தூக்குங்க.”

சன்னாசியின் இரண்டு கையும் தன்னால் மேலே போயின.

தோள். விலா. அவள் கை மாருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அரிசிக் கதை அதற்குள் லயம் லயமாகப் பரவியிருந்தது. மைதானம் கப்பென்று அடங்கியது. புஷ்பவள்ளி நிதானமாகத் தட்டிப் பார்த்தாள். திரும்பி, முன்வரிசை நாற்காலியைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.

“துவான்! கோசோங்! காலி!”

இன்ஸ்பெக்டரின் தொப்பி கீழே விழுந்தது. வேலம்மா பக்கத்தில் இருந்தவள் முதுகில் படார் படார் என்று அடித்தாள். கேட்டில் நின்ற புதிய காவலர் என்ன நடக்கிறது என்று பார்க்க ஓடி வந்தார். கிராணி சுப்பிரமணியம் கயிற்றை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த நாடகம் எழுதியபடி ஓர் அடி கூட நகரவில்லை. மாமியார் ஒன்று சொன்னாள், மருமகள் ஒன்பது சொன்னாள். கடைசியில் கற்பகம் சாக வேண்டிய இடம் வந்தது. புஷ்பவள்ளி கீழே படுத்துக் கண்ணை மூடினாள். இப்போதாவது ஒரு சொட்டுக் கண்ணீர் கிடைக்காதா என்று அவளுக்கு ஆசை.

“செத்துடாதே புஷ்பம்!” என்று வேலம்மா கத்தினாள். “வெடிஞ்சா கேட்டுல எங்களத் தடவறது யாரு?”

பிணம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

மேடைக்குப் பின்னால் கிராணி காத்திருந்தார். “கொன்னுட்டே. என் நாடகத்தக் கொன்னுட்டே. என்ன சொன்னேன் நான்? இனிமே ஜென்மத்துக்கும்…”

“கிராணியார்,” என்று இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். “அடுத்த மாசம் அரசாங்கம் சார்புல தோட்டம் தோட்டமாக் கலை நிகழ்ச்சி கொண்டு போறோம். கோலா குபு பாருலேருந்து ஆரம்பம். அந்த மாமியாரும் மருமவளும் கண்டிப்பா வரணும். யாரு எழுதினது இந்தக் கதை?”

“நானேதாங்க எழுதினேன்,” என்றார் கிராணி. “ஒவ்வொரு வரியும்.”

ஆனால் சன்னாசி வர மறுத்தான். கொண்டையைக் கழற்றிப் பெட்டிக்குள் எறிந்தான். “ஜோடியாத்தானே கேக்கறாங்க? நான் வரல. நீயும் போகாதே. ஒரே வரியில என்னக் கெழவியாக்கிட்டியே! நாப்பது கூட ஆவலடி எனக்கு!”

புஷ்பவள்ளி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அதற்குக் குறுக்கே பொட்டு கலைந்து போய் உட்கார்ந்திருந்தான் அவன்.

“எதுக்குப் புடிச்சுக் குடுத்தே?” என்று கேட்டான்.

“வேஷம் வேணும்னுதான்.” அவள் சுற்றி வளைக்கவில்லை.

“என்ன உள்ள தள்ளியிருந்தா?”

“தெனமும் சோறு கொண்டாந்து குடுத்திருப்பேண்ணே.”

“சோறா? எப்பிடிக் கொண்டாருவே, வேலியத் தாண்டி?”

“சோதனை பண்றது நான்தானே?”

சன்னாசி முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தான், அவளுக்குத் தெரியக்கூடாது என்று.

“வர்றேன்,” என்றான் பிறகு. “ஆனா ஒண்ணு. ஒவ்வொரு காட்சியிலயும் கடைசிப் பேச்சு மாமியாருக்குத்தான். நான் பேசினதுக்கு அப்பறம் நீ வாயத் தொறக்கக்கூடாது.”

“சரிண்ணே.”

“சத்தியமா?”

“மாரியாத்தா மேல சத்தியம்.”

கோலா குபு பாருவில் கூட்டம் திடல் நிறைய இருந்தது. காட்சி முடிவில் சன்னாசி தலையைச் சிலுப்பி, விரலை நீட்டி, மூன்று நாள் யோசித்து வைத்திருந்த வசை ஒன்றை எடுத்து வீசினான். கைத்தட்டல் எழுந்தது. அவன் அதை ஆற அமர வாங்கிக்கொண்டான். கடைசிக் கைத்தட்டல் ஓய்ந்த பிறகு புஷ்பவள்ளி தலையைக் குனிந்து, கைகட்டி, மிக மெதுவாகச் சொன்னாள்.

“சரிங்க அத்தை.”

சிரிப்பில் திடலே அதிர்ந்தது. படுதா இறங்கியதும் சன்னாசி அவள்மேல் பாய்ந்தான்.

“சத்தியம் பண்ணினே! கடைசிப் பேச்சு எனக்குன்னு சத்தியம் பண்ணினே!”

“ஆமாண்ணே. உங்களுக்குத்தான்.”

“அப்ப அது என்னா, ‘சரிங்க அத்தை’?”

“அது பேச்சாண்ணே?” என்றாள் புஷ்பவள்ளி. “மரியாதை.”